அட்டை கட்டிக்குப் பணம் தருகிறது, ஆளுக்கு?

"புற்றுநோய் வந்தா என்ன, அட்டை இருக்குல்ல" என்று இப்போது ஊரில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. அட்டை இல்லாத காலத்தில் தாலியை அடகு வைத்தும் பாதியில் விட்டவர்கள் நம் தெருக்களில் உண்டு. ஆனால் அட்டை கட்டிக்குத்தான் பணம் தருகிறது. கட்டியைச் சுமக்கிற ஆள் அதன் கணக்கில் இல்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் முன்பே பிடித்துவிடக்கூடிய நோய். நம் பெண்களோ பெரும்பாலும் முற்றிய பிறகே ஆஸ்பத்திரி ஏறுகிறார்கள். அப்போது வாரத்துக்கு 5 நாள், ஏறக்குறைய 5 வாரம் கரண்ட் வைக்க வேண்டும். கூடவே வாரம் ஒரு கீமோ, கடைசியில் உள்கதிர்வீச்சு. எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் இலவசம். மாவட்டம் தாண்டும் பஸ்ஸில் டிக்கெட்தான். துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு. நடவுக்குப் போகும் ஓர் அக்கா 17ஆம் நாளோடு நின்றுவிட்டார். கேஸ் ஷீட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஆஸ்பத்திரியில காசு வேணாம்னுதாம்மா சொல்றாங்க. அங்க போறதுக்கு யாரு குடுப்பா?" வாரவட்டிக்கு வாங்கியது தீர்ந்துபோயிருந்தது.

'ஏழைகள் எல்லோருக்கும் இதே கதிதானே' என்று கல்லூரிக் கூட்டங்களில் கேட்கிறார்கள். பாதி சரி. அரை ஏக்கர் உள்ள ஏழை அதை ஒத்திக்கு வைப்பார். டவுனில் சொந்தக்காரர் வீடு இருந்தால் இரண்டு மாதம் தங்குவார். நம் அக்கா ஆஸ்பத்திரிக்கு அருகில் வாடகைக்கு அறை தேடினால், வாடகை சொல்வதற்கு முன் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். கரண்ட் வைத்தால் வயிற்றுப்போக்கும் மூத்திர எரிச்சலும் வரும். ஒரு நாளில் பத்து முறை எழுந்து போக வேண்டியவரின் தெருவில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். அரசு கட்டித்தந்த கழிப்பறையில் விறகு அடுக்கியிருக்கிறது. அவரிடம்தான் "நல்லா ரெஸ்ட் எடுங்க, பால், முட்டை, பழம் சாப்பிடுங்க" என்கிறார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு பிறப்புறுப்புப் பாதை சுருங்கி உறவில் வலி வரலாம். அதைக் குறைக்க வழிகள் உண்டு. ஆனால் தன்னை விட இளையவர்கள் 'வா, போ' என்று பேசுகிற வார்டில் எந்தப் பெண் இதை வாய்விட்டுக் கேட்பாள்?

ஆய்வாளர்கள் இவற்றைத் 'துணைப் பராமரிப்புத் தேவைகள்' என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் 34 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. மனநிலை, தகவல், உடலும் அன்றாட வேலையும், பராமரிப்பு, பாலுறவு என ஐந்து பிரிவுகள். பணத்துக்கோ பயணத்துக்கோ தனிப் பிரிவு இல்லை. அதை அப்படியே தமிழாக்கி நம் தெருவில் நீட்டினால் முதல் தேவையே பதிவாகாது. ஆனால் அதில், வெறும் கேஸாக அல்லாமல் மனிதராக நடத்தப்படுவது பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. அதை மட்டும் நம் வார்டுகளில் நேர்மையாகக் கேட்டுப் பார்க்கட்டும்.

வலி தனிக் கொடுமை. மார்ஃபின் மாத்திரை விலை குறைந்த மருந்து. போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, அதை ஆஸ்பத்திரிகள் வைத்திருப்பதை எளிதாக்கினார்கள். கோழிக்கோட்டில் 1993லேயே வலி நிவாரண சங்கம் தொடங்கினார்கள். 2008இல் கேரள அரசு அதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. நம்மிடமும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, வலி நிவாரணப் பராமரிப்பு அதில் ஓர் அங்கம். நல்ல திட்டம். எந்தத் தெருவைத் தேடி வருகிறது என்பதுதான் என் கேள்வி.

2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சிகிச்சை நாட்களுக்கான கூலி இழப்பீடு, இரண்டு பேருக்குப் பயணப்படி, ஆஸ்பத்திரி அருகில் தங்குமிடம் ஆகிய மூன்றையும் அந்த நிதியிலிருந்து கேட்க வேண்டும். சமுதாயக் கூடம் கட்டியே கணக்கு முடிக்க விடக்கூடாது.

தகவல் உரிமை மனு எழுதத் தெரிந்த தோழர்கள் இந்த மாதமே உங்கள் ஒன்றியத்துக்கு ஒன்று போடுங்கள்: வலி நிவாரணச் செவிலியர் கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்த ஊருக்குப் போனார், எத்தனை முறை, அதில் காலனிக்குள் எத்தனை முறை?