லாரி போன பிறகு சல்லடை எதற்கு?

போடிநாயக்கனூர் வியாபாரிகள் ஏலத்தில் எடுத்த ஏலக்காயை அப்படியே வடக்கே ஏற்றிவிடுவதில்லை. சல்லடையில் சலித்து, 8 எம்எம், 7 எம்எம் என்று பிரித்து, வெடித்த காயைக் கையால் பொறுக்கிய பிறகுதான் மூட்டை கட்டுகிறார்கள். லாரி போன பிறகு சலிப்பவர் யாரும் கிடையாது!

இந்த எளிய புத்தி கம்ப்யூட்டர் கம்பெனிகள் பலவற்றில் இல்லை.

இப்போது சர்வர், சேமிப்பிடம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிவிடுகிறார்கள். 2014-இல் வந்த டெராஃபார்ம் போன்ற மென்பொருள் அதைப் படித்து, எழுதியபடியே உருவாக்கிவிடும். ஒரு வரி தப்பினால் தப்பும் அப்படியே உருவாகும்.

இதற்குச் சல்லடைகள் உண்டு. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். 'டெராஃபார்ம் வேலிடேட்' இலக்கணப் பிழை பார்க்கும், அவ்வளவுதான். டிஎஃப்லின்ட், இல்லாத சர்வர் வகையின் பெயரை எழுதியிருந்தால் பிடிக்கும். செக்கோவ்தான் முக்கியமான கேள்வியைக் கேட்கும்: சேமிப்பிடம் ஊருக்கே திறந்து கிடக்கிறதா? மூன்றுக்கும் காசு கிடையாது.

திறந்து கிடந்தால் என்ன ஆகும்? 2020-இல் பீம் செயலியை வியாபாரிகளிடம் கொண்டு சேர்க்க நடத்தப்பட்ட ஓர் இணையதளத்தின் அமேசான் சேமிப்பிடம் பூட்டாமல் கிடந்ததாக விபிஎன்மென்டர் நிறுவனம் அறிவித்தது. சுமார் 70 லட்சம் பதிவுகள், அவற்றில் ஆதார் அட்டைப் பிரதிகளும் உண்டு என்றது. பீம் செயலிக்கு பாதிப்பில்லை என்றது என்பிசிஐ. சரி, செயலி தப்பித்தது. ஆதார் கொடுத்தவர்?

"செக்கோவ் சும்மா நூறு எச்சரிக்கை கொடுக்கிறது" என்பார்கள். அதற்காக 'சாஃப்ட் ஃபெயில்' போட்டுவிடுவார்கள். தவறு திரையில் தெரியும், வேலையும் நிற்காமல் போகும். திருடனைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிடும் காவல்காரனுக்குச் சம்பளம் எதற்கு? தேவையில்லாத சோதனையை மட்டும், காரணம் எழுதி, தனியாக விலக்கும் வசதி செக்கோவிலேயே இருக்கிறது. காரணம் எழுதத்தான் சோம்பல்.

"2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் படுத்ததே, அவர்களிடம் சோதனைக் கருவி இல்லையா?" நியாயமான கேள்வி. இருந்தது. அதிலேயே பிழை இருந்ததால் தவறான கட்டளையை அது நிறுத்தவில்லை. சல்லடை கிழிந்தால் சல்லடையை மாற்ற வேண்டும். சலிப்பதையே விட்டுவிடலாம் என்று போடியில் யாராவது சொல்வார்களா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. செக்கில் கையெழுத்துப் போடுமுன் வவுச்சரைப் பார்ப்பது கட்டுப்பாடு. பணம் போன பிறகு பார்ப்பது போஸ்ட்மார்ட்டம். சோதனை தோற்றால் வேலை நிற்க வேண்டும். நிற்காத இடத்தில் சோதனை என்ற பெயரே வேண்டாம்.