பால் கொடுப்பவளுக்கு யார் சோறு போடுவது?

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேனர் கட்டுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், பாலூட்டும் தாய் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று பட்டியல் வாசிப்பார்கள். பால், பருப்பு, முட்டை, கீரை, மாதுளை, பாதாம். பட்டியலில் தவறில்லை. நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை என்று அன்றாடக் கூலியில் அடுப்பு எரியும் காலனி வீட்டுக்கு அது எந்த வழியில் வந்து சேரும் என்பதை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

குழந்தை பிறந்த முதல் 6 மாதம் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அது ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு. தாய் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பால் பெரும்பாலும் சுரந்துவிடும். அதனால்தான் அவள் பட்டினி யார் கண்ணிலும் படுவதில்லை. பாலுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடம்பு அவள் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வைட்டமின் ஏ, பி12, அயோடின் போன்றவை அவள் சாப்பாட்டில் குறைந்தால் பாலிலும் குறையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த உடம்போடுதான் பிரசவம், அந்த உடம்போடுதான் பால் கொடுப்பது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். இதில் 14,000 பணம், 4,000 மதிப்புக்கு 2 ஊட்டச்சத்துப் பெட்டகம். ஆனால் இரண்டு பெட்டகமும் கர்ப்ப காலத்திலேயே முடிந்துவிடுகின்றன. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. 18 வயதில் தாயானவளும் மூன்றாவது பிள்ளை பெற்றவளும் வெளியே நிற்கிறார்கள். இவர்களுக்குத்தான் சத்துக் குறைவு அதிகம் இருக்க வாய்ப்பு. 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தாய்க்குப் பெட்டகம் உண்டு. அதற்குக் குழந்தை எடை குறைந்து பட்டியலில் ஏறியிருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது அங்கன்வாடி சத்துமாவு. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் 6 மாதமும் இலவச உணவு ஒவ்வொரு தாயின் உரிமை. அது சலுகை அல்ல. விதிப்படி அந்த உணவும் 600 கலோரிதான், கணக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொட்டலத்தை மூத்த பிள்ளையும் மாமியாரும் பங்கு போட்டபின் தாய்க்கு மிஞ்சுவது எவ்வளவு? தெலங்கானாவில் 2015 முதலும் கர்நாடகத்தில் 2017 முதலும் அங்கன்வாடியிலேயே முட்டையும் பாலும் சேர்த்துச் சூடான சாப்பாடு போடும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சத்துணவில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் தாய்மாருக்குப் பொட்டலத்தோடு நின்றுவிட்டது.

அந்தப் பொட்டலத்தை வாங்கப் போகும் தூரத்திலும் சாதி இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளில் முன்னுரிமை தந்து அங்கன்வாடி திறக்க வேண்டும் என்று உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்த்தெருவில் மையம் இருந்தால், கைக்குழந்தையோடு அந்தத் தெரு வழியாகப் போய் வாங்கச் சங்கடப்பட்டே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொரு சங்கடம் சாப்பாட்டைப் பற்றியது. மாட்டுக்கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்புச்சத்து கீரையில் இருப்பதைவிட எளிதில் உடம்பில் சேரும். பி12 காய்கறியில் கிடையவே கிடையாது. வயல் நண்டு, நத்தை, நெத்திலிக் கருவாடு எல்லாம் புரதமும் சுண்ணாம்பும் நிறைந்தவை. பாதாமை எழுதும் பட்டியல் இவற்றை எழுதாது. மாட்டுக்கறி சாப்பிட்டேன் என்று செவிலியரிடம் சொல்லவே நம் பெண்கள் தயங்குகிறார்கள். கையில் இருக்கும் சத்தை இழிவு என்று ஒதுக்கிவிட்டு இல்லாத மாதுளையைத் தேடச் சொல்வது எந்த ஊர் சுகாதாரக் கல்வி? (மருந்து அடித்த வயலில் பிடித்த நண்டு மட்டும் வேண்டாம்.)

நம் வீட்டுப் பத்தியத்தையும் சொல்லத்தான் வேண்டும். பூண்டு, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு நல்லவை. தண்ணீரைக் குறைப்பதும், பிள்ளைக்குச் சேராது என்று முட்டையையும் பழத்தையும் மறிப்பதும் தாயைத்தான் வாட்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் விழுங்க வேண்டும். டீயோடு வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது.

எல்லாம் சரியாக அமைந்தாலும் அவள் எத்தனை நாள் வீட்டில் இருக்க முடியும்? மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. அது நியாயமானது, வேண்டியது. விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அந்த 14,000 ரூபாய்தான், அதுவும் தவணையில். மாதக் கணக்குப் பார்க்காமல் வயலில் இறங்குகிறாள், பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. 2005 நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலைத்தளத்தில் 6 வயதுக்குட்பட்ட 5 பிள்ளைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று இருந்தது. பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் இருந்தது புளியமரத் தூளியில்தான்.

தாய்ப்பால் வாரம் முடிந்த அடுத்த வாரமே ஆகஸ்ட் 15 கிராம சபை. காலனியில் பாலூட்டும் தாய்மார் எத்தனை பேர், சத்துமாவுப் பதிவேட்டில் எத்தனை பேர் என்று இரண்டு எண்களைக் கேட்கலாம். வித்தியாசம் இருந்தால், காலனிக்குள் அங்கன்வாடி கேட்டு அங்கேயே தீர்மானம் எழுதச் சொல்லலாம். படிக்கிற பிள்ளைகள் ஒரு மாலையில் வீடு வீடாகப் போனால் முதல் எண் கையில் கிடைத்துவிடும்.