இலவச சைக்கிளில் டைனமோவும் வேண்டும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த இருட்டில் மக்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டவை மூன்று: ஒரு விளக்கு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்ற செய்தி, வெளியூரில் தவிக்கும் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசும் அளவுக்கு போனில் சார்ஜ். இந்த மூன்றுக்கும் வேண்டிய மின்சாரத்தை மனிதரின் கையும் காலுமே தந்துவிடும். அதற்கான கருவியைக் கடலோர வீடுகளில் சேர்ப்பது அரசின் பொறுப்பு.

இந்தக் கோரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. உடலுழைப்பால் வீட்டின் மொத்த மின்தேவையையும் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் பெடல் மிதித்துத் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 75 வாட். தமிழக அரசு 2016இல் அறிவித்த இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அதில் ஒரு நாள் பங்கை மட்டும் மிதித்தே எடுப்பதென்றால், துளியும் வீணாகாவிட்டால்கூட 22 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் வீட்டில் யார் மிதிப்பார்கள்? அம்மியும் ஆட்டுக்கல்லும் யார் தோள்களை நோகடித்தன என்பது நமக்குத் தெரியும். மிக்ஸியும் கிரைண்டரும் இறக்கிவைத்த சுமையை, சுற்றுச்சூழல் என்றோ உடற்பயிற்சி என்றோ பெயர் சூட்டி மறுபடி பெண்கள் மேல் ஏற்றும் எந்த யோசனையையும் ஏற்க முடியாது.

சின்னக் கருவிகளின் கணக்கு வேறு. ஒரு அறைக்குப் போதுமான எல்இடி விளக்கு ஒரு வாட்டில் எரியும். சிறிய ரேடியோவுக்கு அதைவிடக் குறைவே போதும். கைப்பிடியைச் சுற்றினால் 5 வாட் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஸ்மார்ட்போனை முழுதாக நிரப்ப நான்கு மணி நேரம் ஆகும், யாராலும் ஆகாது. ஆனால் ஐந்து நிமிடம் சுற்றினால் பட்டன் போனில் பத்தில் ஒரு பங்கு ஏறிவிடும். உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல அது தாராளம்.

பிரிட்டன் கண்டுபிடிப்பாளர் டிரெவர் பேலிஸ் 1990களின் தொடக்கத்தில் இந்தச் சின்னக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தார். விழிப்புணர்வைக் கொண்டுசேர்க்க ரேடியோ இருக்கிறது, அதற்கு பேட்டரி வாங்கத்தான் மக்களிடம் காசில்லை என்பது புரிந்ததும், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் சாவி கொடுத்தால் பாடும் ரேடியோவை உருவாக்கினார். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அது தயாரானது. சுருள்வில் பத்து ஆண்டு அலமாரியில் கிடந்தாலும் சாவி கொடுத்தால் இயங்கும். பின்னால் வந்த மாடல்களில் வில்லுக்குப் பதில் ரீசார்ஜ் பேட்டரி வந்தது. நம் கடைகளில் கிடைக்கும் மலிவான டைனமோ டார்ச்சுகளிலும் அதுதான் இருக்கிறது. சிக்கல் இதுதான்: பேட்டரி சும்மா கிடந்தே செத்துவிடுகிறது, பிளாஸ்டிக் பல்சக்கரம் நாலு நாளில் தேய்கிறது. எனவே அரசு எதை வாங்கினாலும் தரநிர்ணயம் இல்லாமல் வாங்கக் கூடாது.

எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதும் இல்லை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் லட்சக்கணக்கில் இலவச சைக்கிள் தருகிறோம். நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளில் இருந்த அதே 6 வோல்ட், 3 வாட் டைனமோவைப் பின்சக்கரத்தில் பொருத்தி, மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு சர்க்யூட்டும் யூஎஸ்பி சாக்கெட்டும் சேர்த்தால் போதும். டபுள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினாலே போன் ஏறும். வேண்டாத நேரத்தில் டைனமோவை டயரிலிருந்து விலக்கிவிடலாம். மிதிக்கும் பிள்ளைக்குக் கூடுதல் பாரம் கிடையாது. டியூஷன் முடிந்து தெருவிளக்கில்லாத சாலையில் வீடு திரும்பும் மாணவிக்கு அன்றாட வெளிச்சமும் கிடைக்கும்.

சோலார் விளக்கும் பவர் பேங்க்கும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கட்டும், அவையும் வேண்டும். ஆனால் புயலை ஒட்டி வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். பவர் பேங்க் இரண்டாம் நாளே காலியாகிவிடும். செல்போன் கோபுரங்களே ஓய்ந்துவிட்டால் கையில் இருக்கும் போனாலும் பயனில்லை. அப்போது ரேடியோ ஒன்றுதான் வழி. அதனால் கடலோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் கைப்பிடி ரேடியோக்கள் இருப்பில் இருக்க வேண்டும். புயல் பாதுகாப்பு மையங்களில் ஒரே நேரத்தில் பத்து போன்களுக்கு சார்ஜ் தரும் பெடல் ஜெனரேட்டர் ஒன்றாவது வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே அவற்றை மிதித்துப் பார்த்துப் பழுது நீக்குவதை வருவாய்த் துறை ஆண்டுதோறும் கட்டாயமாக்கட்டும். டைனமோவைப் பொறுத்தவரை, சைக்கிள் கொள்முதலுக்கான அடுத்த டெண்டரிலேயே அதைச் சேர்க்க வேண்டும். முதல் தவணை நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களுக்குப் போகட்டும்.