ரெஜிஸ்டர் விலகினா கத்துவோம், ரோடு விலகினா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்டலை. இப்ப வந்ததும் வயித்தெரிச்சலைக் கொட்டத்தான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. சிவகாசிப் பக்கம் 10 கி.மீ. மாரத்தான். (மாரத்தான்னா 42.195 கி.மீ. தான்யா. சரி விடுங்க, நம்மூர்ல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாலே மினி மாரத்தான்.) நானும் பேர் குடுத்து ஓடினேன். ஃபினிஷ் கோட்டைத் தாண்டி வாட்சைப் பார்த்தா 8.87. ஜிபிஎஸ் முன்னப் பின்ன காட்டும்தான். ஆனா கூட ஓடின ரெண்டு பேர் வாட்சும் 8.9 பக்கத்துலயே நிக்குது. வடிவேலு கிணத்தைக் காணோம்னு நின்ன மாதிரி, ஒரு கிலோமீட்டரைக் காணோம்னு நின்னோம்.

எனக்கு இதுல நஷ்டம் ஒண்ணுமில்லை, நான் கடைசியில வர்ற தொப்பை கோஷ்டி. ஜெயிச்ச தம்பி போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயார் பண்ணுறவன். "பத்து கிலோமீட்டர் 33 நிமிஷம்ணே"ன்னு சந்தோஷமா போன்ல சொல்லிட்டு இருந்தான். அதே வேகத்துல நிஜமான பத்து ஓடினா 37 நிமிஷத்துக்கு மேல ஆகும். காவலர் தேர்வுல 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். அங்க போய் நின்னா யாரும் தூரத்தைக் குறைச்சு வைக்க மாட்டாங்க. அவன்கிட்ட உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

இன்னொரு பையன் கதை இதை விட மோசம். பள்ளிக்கூடம் படிக்கிறான், கால்ல ஷூ கிடையாது, அம்மாவுக்கு பயராபீஸ்ல வேலை. ஆறாவது கிலோமீட்டர் வரைக்கும் அவன்தான் முதல். அங்க ஒரு முக்கு. அம்புக்குறி இல்லை, நிக்க வேண்டிய வாலண்டியர் டீ குடிக்கப் போயிட்டார். பையன் நேரா ஓடிட்டான். பின்னாடி வந்தவங்களுக்கு டீக்கடைக்காரர் கையைக் காட்டி வழி சொல்லியிருக்கார். ஒருத்தர் பைக்ல துரத்திப் போய் அவனைத் திருப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள ஏழு பேர் முன்னாடி போயாச்சு. நியாயம் கேட்டா கமிட்டி அண்ணாச்சி, "விளையாட்டுன்னா இதெல்லாம் சகஜம் தம்பி, ஆறுதல் பரிசு குடுத்துருவோம்"ங்கறார். குடுத்தாங்க. டிபன் பாக்ஸ்.

இத்தனைக்கும் சர்டிபிகேட் அச்சு அவ்வளவு நேர்த்தி! பின்ன, எந்த ஊரு? நாலு கலர்ல ஒரு கலர் அரை மில்லிமீட்டர் ரெஜிஸ்டர் விலகினா பார்ட்டி லோடையே திருப்பி அனுப்புற ஊரு. காலண்டர் தாளைக் கண்ணுக்கிட்ட வச்சு லென்ஸ்ல பார்க்கிற அதே அண்ணாச்சிதான், "தூரத்தை எப்படி அளந்தீங்க"ன்னு கேட்டா "பைக் மீட்டர்ல பார்த்தோம்"னு சொல்றார்.

ஆன்சைட்ல ஸ்வீடன்ல இருந்தப்போ ஒரு ஞாயித்துக்கிழமை ஓரியண்டியரிங் போட்டி பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. காட்டுக்குள்ள மேப்பும் காம்பஸும் மட்டும் வச்சுக்கிட்டு, ஒளிஞ்சிருக்கிற ஆரஞ்சு-வெள்ளைக் கொடிகளை வரிசையாத் தேடி ஓடணும். அன்னிக்கு ஒரே ஒரு கொடி மட்டும் மேப்ல காட்டின பள்ளத்துல இல்லாம அடுத்த பள்ளத்துல இருந்துச்சு. அந்தப் பிரிவோட ரிசல்ட்டையே ரத்து பண்ணிட்டாங்க. ஜெயிச்சவரும் "சரிதான்"னுட்டு காபி குடிக்கப் போயிட்டார். அங்க தடம் போடுறது ஒருத்தர், சரிபார்க்கிறது இன்னொருத்தர். உலக அளவுப் போட்டின்னா சர்வதேசக் கூட்டமைப்பே ஒரு ஆலோசகரை நியமிக்குது. கோட் எழுதினவனே டெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு நாம ஆபீஸ்ல தொண்டை கிழியக் கத்துறோமே, அதேதான்.

நம்ம கமிட்டியில தலைவர், செயலாளர், பொருளாளர், கௌரவ ஆலோசகர் பதினோரு பேர் இருக்காங்க. ஆனா "இது சரியில்லை, ஆரம்பிக்காதே"ன்னு சொல்ல ஒருத்தர்கூட இல்லை. சீஃப் கெஸ்ட் வரலைன்னு 6 மணி ஓட்டம் 7:20க்கு ஆரம்பிச்சது. நம்மூர் வெயில் தெரியும்ல? முதல் தண்ணி மேஜை நாலாவது கிலோமீட்டர்ல. அதுலயும் பாதிப் பேருக்குக் காலி டம்ளர். ஆனா துவக்க சரவெடி மட்டும் டான்னு வெடிச்சது.

2021 மே 22ல சீனாவின் கன்சு மாகாணத்துல நடந்த 100 கி.மீ. மலை ஓட்டம் ஞாபகம் இருக்கா? பலத்த காத்து வீசும்னு முன்னாடியே எச்சரிக்கை இருந்துச்சு. இருந்தும் ஆரம்பிச்சாங்க. 172 பேர்ல 21 பேர் குளிர்ல விறைச்சுச் செத்தாங்க. இங்க வெயில் அந்த வேலையைச் செய்ய ரொம்ப நேரம் ஆகாது.

அளக்கிறது ராக்கெட் விடுற வேலையும் இல்லை. உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட கருவி சைக்கிள்தான். முன் சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு சின்ன கருவி மாட்டி, இரும்பு டேப்பால அளந்த நேர்ச் சாலையில ஓட்டிக் கணக்குப் பார்த்துக்கிட்டு, ஓடுறவன் எடுக்கக்கூடிய ஆகக் குறுகிய வழியில அளக்கணும். எதுக்கும் குறைஞ்சிடக் கூடாதுன்னு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடச் சேர்ப்பாங்க. வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கான்னு கேப்பீங்க. இல்லை. மான்செஸ்டர் மாரத்தான் 2013, 2014, 2015 மூணு வருஷமும் 380 மீட்டர் குறைவு. ஆனா திரும்ப அளந்து பார்த்து, 2016ல வெளிப்படையா அறிவிச்சாங்க. ஆயிரக்கணக்கானவங்களோட நேரம் செல்லாமப் போச்சு. திட்டு வாங்கினாங்க, ஆனா மறைக்கலை.

அடுத்த வருஷம் நானே லீவு போட்டு வந்து சைக்கிள்ல அளந்து தர்றேன்னு அண்ணாச்சிகிட்ட சொன்னேன். காசு வேண்டாம், டீ மட்டும் போதும்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"அளந்து சரியாப் பத்து வச்சுட்டோம்னா, போன தடவை ஓடினவன்லாம் வந்து கேப்பானே தம்பி?"

டிஸ்கி: எந்தக் கமிட்டின்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க. அந்த ஊர்லதான் வீட்ல எனக்குப் பொண்ணு பார்த்துட்டு இருக்காங்க.