குடித்தால் தூக்கம் வருமா?

"கொஞ்சம் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது. படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை! நமக்கும் தொந்தரவில்லை" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் இல்லத்தரசிகள் பலர். குடும்பத்தோடு ஏர்க்காட்டுக்குப் போனால் இந்தச் சமாதானத்துக்கு ஒரு துணையும் கிடைத்துவிடும்: "இந்தக் குளிருக்கு அது வேண்டியதுதான்!"

இரண்டும் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கலாம்.

முதலில் குளிர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறக்குறைய 5,000 அடி உயரத்துக்குப் போய்விட்டால், மார்கழி, தை மாத இரவுகளில் பல் கிட்டத்தான் செய்யும். மது உள்ளே போனதும் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. முகம் சிவக்கிறது, கை கால் கதகதப்பாகத் தோன்றுகிறது. ஆனால் அது புதிதாக வந்த சூடல்ல. உடம்பு உள்ளே காத்து வைத்திருந்த சூடுதான் தோல் வழியே வெளியேறுகிறது. வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஆவி முகத்தில் பட்டதும் சந்தோஷப்படுவது போலத்தான் இதுவும். சற்று நேரத்தில் பானை ஆறிவிடும்!

இனி, தூக்கம். மது மூளையின் வேகத்தைத் தணிக்கிறது. அதனால் சீக்கிரம் கண் அயர்வது மெய்தான். முதல் சில மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்குவதும் மெய்தான். வினை அதற்குப் பிறகு.

30 மில்லி விஸ்கியைக் கல்லீரல் கரைத்து முடிக்கச் சுமார் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி 120 மில்லி குடித்தவருக்கு, பன்னிரண்டு மணிக்கு மேல், இரண்டு மணிக்குள் மது வடிந்துவிடும். அதுவரை அடங்கிக் கிடந்த மூளை, அமுக்கிய வில் விடுபட்டதுபோல் துள்ளி எழுகிறது. வியர்வை, படபடப்பு, தாகம். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பை மது குறைத்துவிடுவதால் எழுந்து எழுந்து போக வேண்டும். பிறகு விடியும்வரை கோழித் தூக்கம்தான்.

நாம் கனவு காணும் தூக்கம் விடியற்காலையை ஒட்டித்தான் அதிகம். நினைவாற்றலுக்கும் மன அமைதிக்கும் அது அவசியம். மது முதலில் கை வைப்பது அதில்தான். காலையில் காப்பி ஆறியிருக்கிறது என்று குழந்தைகள் மீது எரிந்து விழுகிறாரே, அந்தக் கோபத்தில் ஒரு பங்கு இந்தக் கெட்ட தூக்கத்தினுடையது. அதே மனிதர்தான் அன்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இருபது வளைவுகளிலும் கார் ஓட்டி இறங்கப் போகிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்!

குறட்டையைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். மதுவால் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி குறுகுவதால் எழும் சத்தம் அது. குறட்டை சட்டென்று நின்று, சிறிது நேரம் மூச்சே கேட்காமல், பிறகு திணறலுடன் தொடங்குகிறதா? டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சில இரவுகளிலேயே மூளை பழகிவிடும்; தூங்குவதற்கு அளவைக் கூட்ட வேண்டிவரும். மதுவோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். பெண்களின் உடம்பில் நீரின் பங்கு குறைவு. அதே கிண்ணம் அவர்களை இன்னும் அதிகமாகப் பாதிக்கும்.

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது, ஏர்க்காடு அடங்கிய சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மந்திரிசபை அதைக் கொண்டுவந்தது. கனவுத் தூக்கத்தின் அடையாளங்களை விஞ்ஞானிகள் கண்டு எழுதியதோ 1953-ல்தான்! 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது. பின்னர் வந்தும் போயும், இன்று அரசாங்கக் கடையிலேயே விற்பனை. ஆகையால் இந்தக் கணக்கை வீட்டிலேதான் பார்த்தாக வேண்டும்.

எப்படி? குடித்திருக்கும்போது பேச்செடுக்காதீர்கள். ஒரு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தரம் விழித்தார் என்று குறித்து வையுங்கள். காலை வேளையில் சாந்தமாக, "நேற்று ராத்திரி மூன்று தரம் எழுந்தீர்களே, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கேளுங்கள். மலைக்குப் போனால் பொழுதோடு சாப்பாடு, சூடாக மிளகு ரசம், ஏரிக்கரையில் சற்று நடை, காலுக்கு உறை, நல்ல கம்பளி. ஏர்க்காட்டுக் காப்பி மணக்கத்தான் செய்யும். அதையும் பிற்பகலோடு நிறுத்துங்கள். மாலை ஐந்து மணிக் காப்பியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நெடுநாளாகத் தினமும் நிறையக் குடிப்பவரை, "இன்றோடு நிறுத்துங்கள்" என்று வற்புறுத்தக் கூடாது. கை நடுக்கம், பிதற்றல், வலிப்புக்கூட வரலாம். டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். யாரிடம் கேட்பது என்று தயங்கினால், 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. மனைவியே கூப்பிட்டுப் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.