டமாஸ்கஸ் கத்தியாம்!

அலங்காரக் குத்துவாள் வாங்கி வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. அலகு முழுக்கத் தண்ணீர் அலைபோலக் கோடுகள், பெயர் 'டமாஸ்கஸ்'. உறவுக்காரப் பையன் ஒருவன் இணையத்தில் வரவழைத்ததைக் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினான். "வெளிநாட்டு வேலைப்பாடு தாத்தா" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பூவேலை செய்த துணிக்கும், கோலம் ஓடிய இரும்புக்கும் பிரெஞ்சில் 'தமாசே' என்ற ஒரே சொல்தான். ஊர்ப்பெயர் டமாஸ்கஸ், ஆனால் சரக்கு எங்கிருந்து போனது? தென்னாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன உருக்குக் கட்டிகளைக் கொண்டு பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் வாள் அடித்தார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் உருக்கு செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்தன. தாது நிறைந்த கஞ்சமலையும் இந்தச் சேலத்துச் சீமையில்தான்.

செய்முறையைக் கேளுங்கள். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்கட்டையை மண் குகையில் போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் பூசி, துருத்தி ஊதிக் கரியில் பல மணி நேரம் காய்ச்சுவார்கள். கரிச்சத்து ஏறி இரும்பு உருகிக் கட்டியாகும். அதை அடக்கமான சூட்டில் தட்டித் தட்டி அலகாக்கினால், அமிலம் பட்டதும் கோலம் தானே எழும்.

இன்று விற்பது அதுவல்ல. இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கி, காய்ச்சி, மடித்து அடித்தது. அதுவும் உழைப்புதான்; ஆனால் வேறு வேலை. அதிலும் மட்டமானது, மேலே கோடு மட்டும் அரித்த போலி. அதைத் தேய்த்துவிட்டு மறுபடி அமிலம் தடவினால் கோடு திரும்பாது.

வெள்ளைக்காரன் நம் கட்டியைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் அதை ஆராய்ந்தார். பாரிஸ் நாணயச்சாலையில் பிரேயான் என்பவர் குகை குகையாகக் காய்ச்சிப் பார்த்து, கரிச்சத்தும் மெதுவாக ஆறவிடுவதும்தான் சூட்சுமம் என்று 1823இல் எழுதினார். 1998இல் அமெரிக்கப் பேராசிரியர் வெர்ஹோவனும், பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து, துளியளவு வனேடியம் போன்ற கலப்புகளும் கோலத்துக்குக் காரணம் என்று காட்டினார்கள். பேராசிரியர் பட்டறையில் போய் நின்றார், ஐயா!

நாம் செய்வது என்ன? "உலகுக்கே உருக்கு கொடுத்த தமிழன்" என்று வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறோம். எங்கள் பக்கத்துக் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொடுவாள் அடிக்கிறார். அவர் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். போகாமல் என்ன செய்வான்? அவன் அப்பாவிடம் பேரம் பேசாமல் ஒரு அரிவாள் வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்?

பெருமை பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு காரியம் செய்யலாம். உலோகவியல் படித்தவர்களையும் இந்த மலையடிவாரக் கொல்லர்களையும் ஒரே உலைக்களத்தில், சம்பளம் கொடுத்து உட்கார வைக்கட்டும். அங்கே காய்ச்சிய உருக்கில் ஒரு குத்துவாள் செய்து, பூம்புகார் கடையில் 'உருக்கு' என்ற பெயரிலேயே வைக்கட்டும். விலை அதிகமாகத்தான் இருக்கும். டமாஸ்கஸ் என்றதும் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிற கை, அதற்கும் கொடுக்கட்டும்.