புற்றரையும் பனிச்செடியும்: சேமித்த நீர் யாருக்கு?

வறட்சி என்றதும் கொளுத்தும் வெயிலே எமது நினைவுக்கு வருகின்றது. கடுங்குளிரும் வறட்சியும் ஒருசேர நிலவும் இடங்களும் உலகில் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வர் அவற்றுள் ஒன்று. ரொக்கி மலைத்தொடரின் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. மழையும் வெண்பனியும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு அங்கு கிடைப்பது 400 மில்லிமீற்றருக்கும் குறைவு. எமது மன்னாரில் பெய்யும் மழையில் பாதி கூட இல்லை. குளிரைப் பற்றிச் சொல்வதானால், 2022 டிசெம்பர் 22ஆம் திகதி அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 31 பாகை செல்சியஸ் வரை இறங்கியது.

இத்தகைய நிலத்தில் குடியேறியோர், மழை மிகுந்த நாடுகளில் கண்ட புற்றரைகளைத் தமது வீட்டு முற்றங்களில் உருவாக்கினர். கோடையில் மீண்டும் மீண்டும் நீர் பாய்ச்சினாலன்றி அப்புல் பச்சையாக நிற்காது. இதனால் டென்வர்ப் பகுதியில் தனிவீடுகள் பாவிக்கும் நீரில் ஏறத்தாழப் பாதி வெளிமுற்றத்துக்கே செல்கின்றது. எந்தச் செடியை நட்டால் இந்நீரை மிச்சப்படுத்தலாம் என்று பலரும் கேட்கின்றனர். நல்ல கேள்விதான். ஆனால் மிச்சமாகும் நீர் யாருக்குச் சேரும் என்பதையும் கேட்டாக வேண்டும் என்பதே எமது கருத்து.

ஈரமே எதிரி

முதலில் செடியைப் பார்ப்போம். 1981இல் டென்வர் நகர நீர் வழங்கல் நிறுவனம், உலர்வு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ‘சீரிஸ்கேப்’ என்ற பெயரை உருவாக்கியது. குறைந்த நீரில் தோட்டம் அமைக்கும் முறை அது. அதே காலப்பகுதியில் டென்வர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய பனயோட்டி கெலைடிஸ், தென்னாபிரிக்காவினதும் லெசோத்தோவினதும் உயர்மலைகளுக்குரிய டெலோஸ்பேர்மா என்னும் செடியினத்தை அமெரிக்கத் தோட்டங்களில் அறிமுகப்படுத்தினார். ஆங்கிலத்தில் இதனை ‘ஐஸ் பிளான்ற்’ என்பர். நாம் பனிச்செடி என்போம். இதன் இலைகளில் உள்ள நுண்ணிய நீர்ப்பைகள் வெயிலில் பனித்துகள் போல மின்னுவதே பெயருக்குக் காரணம். எமது வயலோரங்களில் முளைக்கும் வட்டச்சாறணையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பனிச்செடி ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளர்வதில்லை. நிலத்தோடு படர்ந்து, மண்ணை மூடி, கோடை தொடங்கியது முதல் உறைபனி வரும் வரை ஊதாச் சிவப்பிலும் மஞ்சளிலும் பூக்கின்றது. சதைப்பற்றான இலைகளில் நீரைச் சேமித்துக் கொள்கின்றது.

குளிரை விட, குளிரோடு சேர்ந்த ஈரமே இச்செடியை அதிகம் கொல்கின்றது. அதன் தாயக மலைகளில் மழை கோடையிலேயே பெய்கின்றது, குளிர்காலம் வறண்டது. டென்வரின் குளிர்காலமும் பெரும்பாலும் வறண்டதே. எனவேதான் இரண்டு நிலங்களும் இச்செடிக்கு ஒத்துப்போகின்றன.

இதை வளர்க்கும் முறை இந்த உண்மையிலிருந்தே பிறக்கின்றது. களிமண்ணாயின் மணலும் சிறுகல்லும் கலந்து மேடாக்க வேண்டும். சரிவான நிலம் மேலும் நன்று. நாள் முழுவதும் வெயில் படவேண்டும். கூட்டெருவும் பசளையும் வேண்டாம். கொழுத்த செடி குளிரைத் தாங்காது. வசந்தகால உறைபனி நீங்கியதும், மே நடுப்பகுதியளவில், ஓரடி இடைவெளி விட்டு நடலாம். இலையுதிர்காலத்தில் நட்டால் வேரூன்ற அவகாசம் இராது. முதற் கோடையில் வாரமொருமுறை நீர் போதும். அடுத்த ஆண்டு முதல் கடும் வெயிலில் மட்டும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஊற்றலாம். செப்டெம்பரில் நீரைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். இலை சுருங்கிச் சிவந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது குளிருக்கான ஆயத்தம். வசந்தம் பிறந்ததும் பட்டுப்போனது போலத் தோன்றும் செடியை அவசரப்பட்டுப் பிடுங்கவும் கூடாது. தண்டுத் துண்டுகள் எளிதில் வேர்விடுவதால், ஒருவரது முற்றத்திலிருந்து அயலவர் முற்றத்துக்குப் பணச்செலவின்றிப் பரவலாம்.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். பனிச்செடி மிதிபடுவதைத் தாங்காது. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு, குறைந்த நீரில் வளரும் அந்நாட்டுப் புல்வகையே ஏற்றது. இதே குடும்பத்தின் வேறோர் இனம் மண்ணரிப்பைத் தடுக்கவென கலிபோர்னியாக் கரையோரத்தில் நடப்பட்டு, இன்று அங்குள்ள சுதேசச் செடிகளை மூடி அழிக்கின்றது. ஆகவே வந்த செடியோடு அந்த மண்ணுக்குரிய செடிகளையும் சேர்த்து நடுவதே அறிவுடைமை. புல்லை அகற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் விரிப்பும் கல்லும் மட்டும் பரப்புவதையும் நாம் ஏற்பதற்கில்லை. அது வெப்பத்தைக் கூட்டும்; தேனீக்கு ஒரு பூவும் தராது.

கிராமம் கொடுத்த விலை

கொலராடோவில் தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம். மாநிலத்தின் தென்கிழக்கே, ஆர்கன்சோ ஆற்றின் பள்ளத்தாக்கில் குரோலி என்னும் விவசாய மாவட்டம் உண்டு. ஒரு காலத்தில் அங்கு 50,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் வாய்க்கால் நீரால் விளைந்தது. சீனிக்கிழங்கு அதன் பெயர்பெற்ற பயிர். ‘சுகர் சிற்றி’ என்றே அங்கு ஓர் ஊர் உண்டு. சீனித் தொழில் வீழ்ச்சியடைந்து கடன் பெருகிய நிலையில், 1970களிலும் 1980களிலும் விவசாயிகள் தமது நீர் உரிமைகளை விற்றனர். கொலராடோ ஸ்பிரிங்ஸ், புவெப்லோ, டென்வரின் அயல்நகரான அரோரா ஆகிய நகரங்களுக்கு அந்நீர் சென்றது. இன்று அங்கு நீர் பாயும் நிலம் சில ஆயிரம் ஏக்கர் மட்டுமே. எஞ்சிய நிலத்தில் களையும் புழுதியும் குடிகொண்டன, கடைகள் மூடப்பட்டன, இளைஞர் வெளியேறினர்.

விற்றவர்களை நாம் குறை கூறவில்லை. நெருக்கடியில் இருப்பவன் செய்யும் விற்பனை முழுச் சுதந்திரமான விற்பனையன்று. ஆனால் வயலை விட்டுப் பிரிந்த அந்நீரில் ஒரு பங்கு, எவரும் உட்காராத, எவரும் விளையாடாத புற்றரைகளில் ஊற்றப்பட்டது என்பதை மறக்கவியலாது.

2024இல் கொலராடோ சட்டமன்றம் இதனை ஓரளவு உணர்ந்தது. வர்த்தக, கைத்தொழில் வளாகங்களிலும் வீதி நடுத்திட்டுகளிலும் பயன்பாடற்ற புற்றரைகளைப் புதிதாக அமைப்பதை 2026 ஜனவரி 1 முதல் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இதனை வரவேற்கிறோம். எனினும் மிச்சமாகும் நீர் முழுவதும் மேலும் மேலும் வீடுகள் கட்டவே பயன்பட்டால், கிராமத்துக்குக் கிடைப்பது என்ன? ஒரு பங்காவது ஆற்றிலும் வயலிலும் நிலைபெற வேண்டும். நகரங்கள் வறண்ட ஆண்டுகளில் மட்டும் நீரை வாடகைக்குப் பெற்று, உரிமையை விவசாயியிடமே விட்டுவைக்கும் ஏற்பாடுகள் பரவலாக வேண்டும்.

நீர்ச் சிக்கனத் திட்டங்கள் எமது கிராமங்களுக்கும் வருகின்றன. புதிய செடியும் புதிய முறையும் கற்பிக்கப்படும்போது எமது சங்கங்கள் அவற்றை மனமுவந்து கற்க வேண்டும். அத்துடன், மிச்சமாகும் நீரை எவர் பெறுவார், அதனை எவர் தீர்மானிப்பார் என்ற கேள்விகளைத் திட்டம் தொடங்குமுன்பே, முதற் கூட்டத்திலேயே எழுப்பவும் வேண்டும்.